ஐப்பசி மழையில் சைக்கிள்காரர்களுக்கு ஒரு நிறுத்தம் அமைப்பது எப்படி

மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு சிறிய அரவை மில் இருக்கிறது. விடியற்காலை ஐந்து மணிக்குத் திருச்சியில் கிளம்பி, கல்லணை, திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் என்று சுற்றிக்கொண்டு வருகிற 300 கிலோமீட்டர் சைக்கிள் பயணக்காரர்களுக்கு எங்கள் நெல் கொட்டகைதான் ஏறத்தாழ 200-வது கிலோமீட்டர் நிறுத்தம். இங்கிருந்து வடுவூர், தஞ்சாவூர் வழியாகத் திருச்சி திரும்ப இன்னும் நூறு கிலோமீட்டர் இருக்கிறது. பயணம் ஐப்பசியில் வரும், அல்லது கார்த்திகையில். இரண்டுமே டெல்டாவில் அடைமழைக் காலம்.

சீர்காழிப் பக்கமிருந்தும் பட்டுக்கோட்டைப் பக்கமிருந்தும் சிலர் தங்கள் ஊரிலும் இப்படி ஒரு நிறுத்தம் நடத்த விரும்புவதாகச் சொல்லி, என்னென்ன வேண்டும் என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். சாமான் பட்டியலை யாரும் தயாரித்துவிடலாம். அதற்கு முன்னால் ஒரு விஷயம் மனதில் பதிய வேண்டும். மிதித்துக்கொண்டே இருக்கும் வரை நனைந்த உடம்பு தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். நின்ற பத்தாவது நிமிடம் நடுங்கத் தொடங்கும். மழையில் பயணத்தைக் கைவிடுகிறவர்களில் பலர் சாலையில் கைவிடுவதில்லை. நாம் போட்டுக்கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்துதான் கைவிடுகிறார்கள். ஆகவே வந்தவர் சாப்பிட்டு, உலர வேண்டிய இடங்களை மட்டும் உலர்த்திக்கொண்டு, இருபது நிமிடத்தில் மறுபடி சைக்கிளில் ஏறும்படி நிறுத்தத்தை அமையுங்கள். மற்ற ஏற்பாடெல்லாம் இதற்குள் அடக்கம்.

விதியைத் தெரிந்துகொள்ளுங்கள்

பாரிஸ் நகரத்து ஆடாக்ஸ் சைக்கிள் சங்கத்தின் விதிப்படி நடக்கும் பயணங்களை நம் ஊர் ஓட்டிகள் பி.ஆர்.எம். என்பார்கள். 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம், 300-க்கு 20 மணி, 400-க்கு 27 மணி, 600-க்கு 40 மணி. இது பந்தயம் கிடையாது. குறித்த நேரத்துக்குள் முடித்தவர் எல்லோரும் சமம். ஓட்டியின் பயண அட்டையில் நேரம் பதிகிற நிறுத்தத்துக்குக் கன்ட்ரோல் என்று பெயர். ஒவ்வொரு கன்ட்ரோலுக்கும் திறக்கும் நேரமும் மூடும் நேரமும் உண்டு. மணிக்கு 15 கிலோமீட்டர் கணக்கில் மூடும் நேரம் வரும். எங்கள் 200-வது கிலோமீட்டருக்குப் பதின்மூன்று மணி இருபது நிமிடம், அதாவது மாலை 6.20. கார்த்திகையில் அதற்குள் நன்றாக இருட்டிவிடும்.

உதவுகிறவர்கள் முக்கியமாக அறிய வேண்டியது, கன்ட்ரோலுக்கு வெளியே எந்த உதவியும் செய்யக் கூடாது என்ற விதி. காரில் பின்தொடர்வது, வழியில் தண்ணீர் நீட்டுவது, மழைக்கோட்டு கொடுப்பது எல்லாம் தடை. அன்பால் செய்தாலும் அந்த ஓட்டியின் பயணம் செல்லாமல் போகலாம். உயிருக்கு ஆபத்து என்றால் எந்த விதியும் குறுக்கே நிற்காது. மற்றபடி உங்கள் அன்பையெல்லாம் கொட்டகைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். டெல்டாச் சாலைகளைப் பார்த்தவர்களுக்கு இந்த விதியின் அருமை தெரியும். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் வயல், நடுவில் ஒரு பஸ் போகிற அகலம். அதில் ஒரு கார் சைக்கிளுக்குப் பின்னால் ஊர்ந்தால் எல்லோருக்கும் தொல்லை. பி.ஆர்.எம். அல்லாத நண்பர்கள் குழுவுக்கு வண்டியோடு போகிறீர்கள் என்றாலும் பின்தொடராதீர்கள். பதினைந்து, இருபது கிலோமீட்டர் முன்னால் போய் நின்றுகொள்ளுங்கள். நிற்பதும் தார் மேலேயோ சிமென்ட் தரையிலோதான். சாலையோர மண் நம் பகுதியில் களிமண். ஒரு மணி நேர மழைக்குப் பிறகு அதில் இறங்கிய வண்டியை டிராக்டர் வைத்துத்தான் இழுக்க வேண்டும்.

இடம்

மேற்கூரை நீளமாக, பக்கங்களில் காற்று தடுக்கப்பட்டு, தரை மேடாக இருக்க வேண்டும். சாமியானா பந்தல் மழைக்கு உதவாது. பக்கவாட்டுச் சாரலும் மேலே தேங்கும் தண்ணீரும் அதைச் சாய்த்துவிடும். திருமண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம், பெட்ரோல் பங்கின் பின்புறக் கொட்டகை, பள்ளி வராண்டா, பழைய மில் எதுவும் சரி. அனுமதியை ஒரு வாரம் முன்பே வாங்குங்கள். அறுவடை முடிகிற சமயமாக இருந்தால் நெல் கொள்முதல் நிலையத்துப் பக்கம் போகவே வேண்டாம். அங்கே மூட்டைகளை மழையிலிருந்து காப்பாற்ற விவசாயிகள் படுகிற பாடு போதும்.

கழிப்பறை இல்லாத இடத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பெண் ஓட்டிகளுக்கு இது சாப்பாட்டைவிடப் பெரிய தேவை. வழியில் வாய்ப்பில்லை என்று தெரிந்து காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருகிற பெண்களை என் மனைவி பார்த்திருக்கிறாள். உள்ளே தாழ்ப்பாள், கொக்கி, வெளிச்சம், ஒரு வாளித் தண்ணீர், சோப்பு, நாப்கின், ஈரத்துணி போட மூடியுள்ள குப்பைக்கூடை ஆகியவற்றை அவளே போய்ப் பார்த்துவிட்டுத்தான் கன்ட்ரோலைத் திறக்கச் சொல்வாள்.

வாசலிலிருந்து உள்ளே பத்தடிக்குக் கோணிச் சாக்கு விரியுங்கள். சைக்கிள் ஷூவின் அடியில் இரும்போ பிளாஸ்டிக்கோ கட்டை ஒன்று இருக்கும். ஈரமான சிமென்ட் தரையில் அது எண்ணெய் மேல் வைத்த கால்போல வழுக்கும். 200 கிலோமீட்டர் பத்திரமாக வந்தவர் வாசலில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொள்ளக் கூடாது. சைக்கிள்களைச் சாய்க்க ஒரு நீள மூங்கிலை இடுப்பளவு உயரத்தில் கட்டினால் போதும்.

முந்தின நாள்

வானிலைக்கு இரண்டு இடங்களைப் பார்க்கிறேன். சென்னை வானிலை ஆய்வு மையம் மாவட்டவாரியாக விடுக்கும் எச்சரிக்கை ஒன்று. காரைக்கால் ரேடார் படம் மற்றொன்று. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தால் கனமழை, 115.6-க்கு மேல் மிகக் கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதிகனமழை என்பது துறையின் கணக்கு. மஞ்சள் எச்சரிக்கையில் கொட்டகையைத் திறக்கிறோம். ஆரஞ்சு என்றால் பயணத்தைத் தள்ளிவைக்கச் சொல்லி அமைப்பாளரிடம் வற்புறுத்துகிறோம். சிவப்பில் பேச்சே இல்லை.

ஆனால் எந்தச் சாலையில் தண்ணீர் ஏறும் என்று ரேடார் சொல்லாது. அதைச் சொல்லக்கூடியவர் லஸ்கர். ஆற்று மதகுகளின் ஷட்டரை ஏற்றி இறக்குகிற நீர்வளத் துறைக் கடைநிலை ஊழியர் அவர். வெண்ணாற்றில் எவ்வளவு விடுகிறார்கள், கோரையாற்றில் எவ்வளவு, பாமணியாற்றுக் கரையில் எந்த இடம் கசிகிறது, எந்த வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். முந்தின நாள் மாலை அவரைப் போய்ப் பாருங்கள். போனில் கேட்டால் "ஒன்றும் பயமில்லை" என்றுதான் பதில் வரும். நேரில் போய் மதகடியில் நின்று கேட்டால், "ராத்திரி இதே மாதிரி பெய்தால் காலையில் அந்தத் தரைப்பாலத்தை நம்பாதீர்கள்" என்று கையை நீட்டிக் காட்டுவார். டெல்டாவில் வெள்ளம் பெரும்பாலும் ஆறு உடைந்து வருவதில்லை. மழைநீர் வயலில் நிறைந்து, வடிகால் வாங்காமல், சத்தமில்லாமல் சாலைக்கு ஏறும். பெய்து ஓய்ந்த பல மணி நேரத்துக்குப் பிறகும் ஏறும். அதனால் பயண நாள் காலையில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் நிறுத்தத்துக்கு முன்னும் பின்னும் முப்பது கிலோமீட்டர் போய்வர வேண்டும். மாற்றுப்பாதை வேண்டுமானால் அமைப்பாளர்தான் முடிவு செய்து எல்லோருக்கும் ஒரே மாதிரி அறிவிக்க வேண்டும். வாசலில் நின்று ஆளுக்கொரு வழி சொல்லாதீர்கள்.

வழியிலுள்ள டீக்கடைகளில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். "நாளைக்கு முப்பது பேர் போல வருவார்கள், பால் கூடுதலாக வாங்கி வையுங்கள், வாழைப்பழம் ஒரு தார் தொங்கவிடுங்கள்" என்றால் அவர்களுக்கும் வியாபாரம், ஓட்டிகளுக்கும் ஒதுங்க இடம்.

உள்ளே வருகிறவரைப் பார்ப்பது

நம்மூரில் குளிரால் யாருக்கு என்ன ஆகிவிடும் என்று நினைப்பவர்கள் அதிகம். காற்றோடு பெய்யும் மழையில் பத்து மணி நேரம் நனைந்து, சரியாகச் சாப்பிடாமல், காய்ந்த துணி இல்லாமல் வருகிற உடம்புக்கு 23 டிகிரியே போதும். பிற்பகலில் வரும் மெல்லிய உடல்வாகுள்ளவர்களைக் கூர்ந்து கவனியுங்கள். அவர்கள் மெதுவாக மிதித்திருப்பார்கள், அதனால் சூடும் குறைவு.

என் மனைவிக்கு ஒரு சோதனை உண்டு. ஒரு முறை மாலை ஐந்து மணிக்கு மேல் ஓர் இளம்பெண் வந்தாள். உதடு வெளுத்திருந்தது, கேட்டதற்கெல்லாம் "நன்றாக இருக்கிறேன்" என்றாள். "சரி கண்ணு, ஹெல்மெட்டை மட்டும் நீயே கழற்று" என்றாள் என் மனைவி. தாடைக்குக் கீழே உள்ள பூட்டை இரண்டு விரலால் அழுத்த வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பெண்ணின் கட்டைவிரல் பூட்டைத் தேடியது, தொட்டது, வழுக்கியது, மறுபடி தேடியது. நான்காவது தடவையும் அழுந்தவில்லை. பிரேக்கைப் பிடிப்பதும் அதே விரல்கள்தான். அன்றிலிருந்து எங்கள் கொட்டகையில் வருகிற எல்லோரும் ஹெல்மெட்டைத் தாமே கழற்ற வேண்டும், அட்டையில் கையெழுத்தைத் தாமே போட வேண்டும். முடியவில்லை என்றால் கை சரியாகும் வரை கிளம்ப விடுவதில்லை.

அப்படிப்பட்டவரை என்ன செய்வது? காற்றுப்படாத மூலைக்கு அழைத்துப் போங்கள். ஈரமான மேல்சட்டையை மாற்றச் சொல்லுங்கள். பழைய பருத்தி லுங்கி, துண்டு, கம்பளி, பெண்களுக்கு நைட்டி எல்லாம் துவைத்து மடித்துத் தயாராக இருக்கட்டும். முதலில் நெஞ்சும் முதுகும் சூடாக வேண்டும், கைகால் பிறகு. விறைத்த விரலைக் கொதிநீரில் விடக் கூடாது, தேய்க்கவும் கூடாது. அதற்குச் சூடு உறைக்காது, வெந்துபோகும். இனிப்பான சூடான பானத்தைச் சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுங்கள். நடுக்கம் இருக்கும் வரை உடம்பு போராடுகிறது என்று பொருள். நடுக்கம் நின்று, பேச்சுக் குழறி, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் வந்தால் அது தேறிய அறிகுறி ஆகாது. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

மற்றவர்களுக்கு இவ்வளவு வேண்டாம். முகம் துடைக்க ஒரு காய்ந்த துண்டு, காலுறையைப் பிழிந்து மாட்ட ஒரு முக்காலி, ஷூவுக்குள் திணிக்கப் பழைய செய்தித்தாள் போதும். உட்கார்ந்து சாப்பிடுகிற பத்து நிமிடத்தில் தாள் எவ்வளவோ ஈரத்தை உறிஞ்சிவிடும். நடுவில் ஒரு தடவை மாற்றினால் இன்னும் நல்லது. வெளியே கழற்றி வைத்த ஷூவை மறுபடி போடும்முன் கவிழ்த்துத் தட்டச் சொல்லுங்கள். மழைக்குப் பூரானும் தேளும் காய்ந்த இடம் தேடி வரும். தொடை இடுக்கில் உராய்வுப் புண் வந்தவர்கள் சொல்லக் கூச்சப்படுவார்கள். வாஸ்லின் டப்பாவையும் பஞ்சையும் கழிப்பறைக்குள்ளேயே வைத்துவிட்டால் கேட்க வேண்டிய அவசியம் வராது. சேற்றில் விழுந்து சிராய்த்துக்கொண்டவர்களின் காயத்தைக் குடிநீரும் சோப்பும் விட்டு நன்றாகக் கழுவி, டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடம் ஆகிறது என்று கேளுங்கள். வயல் தண்ணீரில் சாணமும் எலிச் சிறுநீரும் கலந்திருக்கும்.

சுடுநீருக்கு எங்களிடம் உமி அடுப்பு இருக்கிறது. உமியை இறுக்கி அடைத்துப் பற்றவைத்தால் மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். கேஸ் சிலிண்டர் தீருமோ என்ற கவலை இல்லை. புகை உள்ளே வராதபடி தாழ்வாரத்துக்கு வெளியே வையுங்கள்.

சாப்பாடு

மழையில் ஓட்டிவருகிறவர்களுக்கு மெல்லப் பொறுமை இருக்காது. விழுங்கக்கூடியதாக, சூடாக, உப்பாக இருந்தால் இறங்கும். நாங்கள் கொடுப்பது நொய்க்கஞ்சி. மில்லில் நொய்க்குப் பஞ்சமில்லை. ஒரு கிலோ நொய்க்கு ஒரு கைப்பிடி பாசிப்பருப்பு, ஒரு முழுப் பூண்டு, ஒரு தேக்கரண்டி வெந்தயம், தட்டிய இஞ்சி. குழைய வேகவைத்துக் கல்லுப்புப் போட்டு, கடைசியில் தேங்காய்ப்பால் கொஞ்சம். பத்துப் பேருக்குத் தாராளமாக வரும். ஊறுகாய், பொட்டுக்கடலைத் துவையல் தொட்டுக்கொள்ள. இன்னொரு பாத்திரத்தில் மிளகு ரசம் கொதித்துக்கொண்டே இருக்கட்டும். டம்ளரில் ஊற்றிக் கையில் கொடுங்கள். டம்ளரைப் பிடித்த கையும் சூடாகும். இனிப்புக்குச் சுக்குமல்லிக் காபி, கருப்பட்டி போட்டு. வடையும் பஜ்ஜியும் மழைக்கு மனம் கேட்கும். ஆனால் இன்னும் நூறு கிலோமீட்டர் குனிந்தபடி மிதிக்கிற வயிற்றுக்கு எண்ணெய்ப் பலகாரம் நல்லதில்லை. பிடிவாதமாக மறுத்துவிடுங்கள்.

காகிதத் தட்டு சாரலில் ஊறிக் கிழியும். கஞ்சிக்கு எவர்சில்வர் கிண்ணம், இட்லிக்கு வாழையிலை. இலையை மாடு தின்றுவிடும்.

மழையில் தாகம் தெரியாது. வியர்வை மட்டும் போய்க்கொண்டிருக்கும். "கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தீர்கள்?" என்று தயங்காமல் கேளுங்கள். ஐந்தாறு மணி நேரம் ஆயிற்று என்றால் ஓ.ஆர்.எஸ். கரைசல் ஒரு பாட்டில் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். சீக்கிரம் தெம்பு வரும் என்று அரை லிட்டரில் கரைத்தால் தீங்குதான். கையில் கொடுத்தனுப்பக் கடலை மிட்டாயும் பூவன் பழமும். நேந்திரம் வேண்டாம்.

சைக்கிள்

பழுதைச் சரிபார்க்கும் பொறுப்பு ஓட்டியுடையது. ஆனாலும் அவர் கஞ்சி குடிக்கும்போது நீங்கள் கேட்டுக்கொண்டு ஒரு கண் பார்க்கலாம். டெல்டாக் களிமண்ணில் கொஞ்சம் மணல் கலந்தால் அது அரைக்கும் கல். ரிம்மில் பிடிக்கும் பிரேக் கட்டை இந்தச் சேற்றில் ஒரே நாளில் தேய்ந்துவிடக்கூடும். கட்டையில் உள்ள கோடுகள் மறைந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். இரண்டு ஜோடி வாங்கி வையுங்கள். வாளியில் தண்ணீர் மொண்டு மெதுவாக ஊற்றிச் சேற்றை இறக்குங்கள். வண்டி கழுவும் குழாயை அடித்தால் பேரிங்குக்குள் தண்ணீர் போய்விடும். செயினைக் கந்தலால் துடைத்துவிட்டு, மழைக்கான கெட்டி எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். டிஸ்க் பிரேக் வைத்த சைக்கிளில் ஸ்ப்ரே அடிக்கவே கூடாது. ஒரு துளி தகட்டில் பட்டால் பிரேக் போச்சு.

பின்சக்கரத்தின் கியர் பல்லுக்குள் வைக்கோல் சுற்றியிருக்கும். அதைச் சிறு கத்திரியால் வெட்டி எடுங்கள், இழுக்காதீர்கள். டயரைச் சுற்றிலும் விரலால் தடவிப் பாருங்கள். ஈரமான ரப்பரில் கருவேல முள் சுலபமாக ஏறும். ஏறியது உடனே காற்றை இறக்காது, பத்து கிலோமீட்டர் கழித்து வடுவூர் இருட்டில் இறக்கும். நின்று அடிக்கும் பம்ப், 700-க்கு 28, 32 அளவு டியூப்கள், பஞ்சர் ஒட்டு, செயின் இணைப்புப் பூட்டு, கேபிள் டை, இன்சுலேஷன் டேப் இருந்தால் முக்கால்வாசிப் பிரச்சினை தீரும். போனில் சார்ஜ் போடும் துளை ஈரமாக இருந்தால் மின்சாரம் கொடுக்காதீர்கள். முழுதாகச் சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க் ஒன்றை இரவல் கொடுத்தனுப்புங்கள். இரவில் முன்விளக்கு, பின்விளக்கு, ஒளிரும் மேலங்கி மூன்றும் விதிப்படி கட்டாயம். நான் வாசலில் நின்று பார்க்கிறேன். சேறு அப்பிய பின்விளக்கு எரிந்தாலும் எரியாத மாதிரிதான், துடைத்துவிட்டு அனுப்புகிறேன்.

அட்டையில் முத்திரை குத்துவதற்கும் ஒரு வார்த்தை. முத்திரை மை மழையில் கரைந்து ஓடும். நேரத்தையும் கையெழுத்தையும் பால்பாயின்ட் பேனாவில் எழுதி, துடைத்த கையால் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக்கொடுங்கள். 200 கிலோமீட்டர் மிதித்ததற்கு அந்த அட்டைதான் சான்று.

சாலை யாருடையது

வெளியூர் ஓட்டிகளுக்கு நாம் சொல்லிக்கொடுக்க வேண்டிய பாடம் இதுதான் என்று நினைக்கிறேன். இந்த மாதங்களில் இந்தச் சாலை ஒரு வேலையிடம். சம்பாப் பயிர் தூர்கட்டும் நேரம், தாளடி நடவு நேரம், தாமதமான குறுவை அறுவடை எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக நடக்கும். சேற்றுழவு முடித்த டிராக்டர், சேற்றுக்கென்று மாட்டிய கேஜ் வீல் என்ற இரும்புச் சக்கரத்தோடு சாலையைக் கடந்த இடத்தில் கைப்பிடி கைப்பிடியாகக் களி கிடக்கும். அங்கே பிரேக் பிடிக்கவும் கூடாது, திரும்பவும் கூடாது. கைப்பிடியை நேராக வைத்துக்கொண்டு உருண்டு போக வேண்டும். ரயில்வே கேட்டில் நனைந்த தண்டவாளத்தைக் குறுக்காக, நேர் செங்கோணத்தில் கடக்க வேண்டும். நீடாமங்கலம் கேட் மூடினால் நீண்ட நேரம் காத்திருக்க நேரும். அந்த நேரத்தில் நிழற்குடையில் நின்று கைகால்களை அசைத்துக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள்.

சாலையில் நெல் காயும். மழை விட்ட ஒரு மணி நேர வெயிலுக்காகத்தான் அந்தக் குடும்பம் காலையிலிருந்து காத்திருக்கிறது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். அந்த அளவுக்கு இறங்க வேண்டிய ஒவ்வொரு சதவீதத்துக்கும் அவர்கள் காலால் கோடு இழுத்து நெல்லைத் திருப்பிவிட்டுக்கொண்டிருக்கிறார்கள். நெல்லின் மேல் ஏற்றக் கூடாது. அது மரியாதைக் குறைவு மட்டுமன்றி ஆபத்தும்கூட. உருளும் நெல் மேல் மெல்லிய டயர் நிற்காது. படுதா போட்டு மூடியிருந்தால் ஓரத்தில் வைத்த கல் இருட்டில் தெரியாது. மனசாட்சியோடு சொல்கிறேன்: எதிரே வண்டி வந்தால் இறங்கி நில்லுங்கள். ஒரு நிமிடம் போகும், அவ்வளவுதான். "தம்பி, மழை வருமா?" என்று அந்த அம்மா கேட்டால், வந்த வழியில் எங்கே பெய்தது என்று சொல்லிவிட்டுப் போங்கள். அவர்களுக்கு அது உபயோகமான தகவல்; ஐந்து நிமிடம் முன்னால் தெரிந்தால் படுதாவை இழுத்துவிடுவார்கள்.

அறுத்த குறுவை வயலுக்கு வாத்து மந்தை ஓட்டிக்கொண்டு வருவார்கள். நூற்றுக்கணக்கான வாத்துகள் சாலையைக் கடக்கும்போது மணியடித்து விரட்டினால் மந்தை இரண்டாகப் பிரிந்து மேய்ப்பவர் பாடு திண்டாட்டமாகிவிடும். நின்றுவிட்டால் தானாக ஒதுங்கும். இரவில் மாடுகள் ஈரத் தரைக்குப் பயந்து தார்ச்சாலையில் படுத்திருக்கும். கறுப்பு எருமை விளக்கு வெளிச்சத்தில் கண் மட்டும்தான் தெரியும், அதுவும் அது நம் பக்கம் திரும்பியிருந்தால். பாம்பும் மேடு தேடிச் சாலைக்கு வரும். விளக்குக்குப் பூச்சி மொய்க்கும். நிறமில்லாத கண்ணாடி போட்டுக்கொள்ளாமல் இரவில் எங்கள் வாசலைத் தாண்ட விடமாட்டேன். ஐந்தாறு சாதாரணக் கண்ணாடிகள் வாங்கி வைத்திருக்கிறேன்.

எப்போது நிறுத்துவது

இடிக்குப் பயப்பட வேண்டும். சமமான வயல்வெளியில் பனைமரத்தை விட்டால் சைக்கிளில் போகிறவர்தான் உயரமான பொருள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே முப்பது வினாடிக்குக் குறைவாக இருந்தால் கன்ட்ரோலிலிருந்து யாரையும் அனுப்பாதீர்கள். கடைசி இடிச் சத்தத்துக்குப் பிறகு முப்பது நிமிடம் காத்திருங்கள். மரத்தடியும் தகரப் பந்தலும் ஆகாது, சுவரும் கதவும் உள்ள கட்டடம் வேண்டும். புணே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் தாமினி செயலி அருகில் விழும் மின்னலைக் காட்டும். பார்த்துக்கொண்டிருக்க ஒருவரை நியமியுங்கள். காத்திருந்த நேரத்தைக் குறித்து அமைப்பாளருக்கு அனுப்புங்கள். நேரம் கூட்டித் தருவதா என்பதை அவர் பார்த்துக்கொள்வார். நாம் தருவதாக வாக்குக் கொடுக்கக் கூடாது.

சாலையின் குறுக்கே தண்ணீர் ஓடினால், நடுக்கோடு கண்ணுக்குத் தெரியாவிட்டால், போகக் கூடாது. தேங்கிய தண்ணீர் வேறு, ஓடும் தண்ணீர் வேறு. ஊர்க்காரர் ஒருவர் தாண்டிப் போகிறாரே என்பார்கள். அவருக்குத் தரைப்பாலத்தின் ஓரம் எங்கே என்று தெரியும், ஓட்டிக்குத் தெரியாது. அறுந்த மின்கம்பி கிடக்கும் தண்ணீருக்கு அருகில் போகவே வேண்டாம். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லிவிட்டு, இரு பக்கமும் ஆள் நிறுத்துங்கள்.

கிளம்பத் தயங்குகிறவரிடம் "உன்னால் முடியும்" என்று தள்ளிவிடாதீர்கள். "விட்டுவிடு" என்றும் சொல்லாதீர்கள். கஞ்சி குடித்து, காய்ந்த காலுறை மாட்டி, கொட்டகையை ஒரு சுற்று நடந்துவிட்டு முடிவெடுக்கச் சொல்லுங்கள். பசியும் குளிரும் இருக்கும்போது எடுக்கிற முடிவு மாறக்கூடியது. நடந்தும் மனம் வரவில்லை என்றால் அது அவருடைய முடிவு. மரியாதையாக ஏற்றுக்கொண்டு, படுக்கச் சாக்கும் கம்பளியும் கொடுத்து, வண்டி ஏற்பாட்டைப் பாருங்கள். சரக்கு ஆட்டோவில் சைக்கிள்களை அடுக்கும்போது இரண்டுக்கு நடுவில் ஒரு சாக்கு மடித்து வையுங்கள். கியர் இருக்கும் பக்கம் மேலே இருக்கட்டும்.

மூடிய பிறகு

மாலை 6.20-க்குப் பட்டியலைச் சரிபாருங்கள். வந்தவர், போனவர், கைவிட்டவர், வராதவர் என்று நான்கு வரிசை. வராதவரின் பெயர் உடனே அமைப்பாளருக்குப் போக வேண்டும். அவர் முந்தைய கன்ட்ரோலிலேயே நின்றிருக்கலாம், திருவாரூர்ச் சாலையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருக்கலாம், வாய்க்காலில் கிடக்கலாம். எது என்று தெரியும் வரை அடுப்பை அணைக்காதீர்கள். நேரம் தாண்டி வருகிறவருக்கும் கஞ்சி உண்டு, கழிப்பறை உண்டு, கம்பளி உண்டு. அட்டையில் நேரத்தை மட்டும் உள்ளபடி எழுத வேண்டும்.

திருச்சியில் கடைசி ஆள் முடிக்கும் நேரம் இரவு ஒரு மணி. அதுவரை நிறுத்தத்தின் போன் ஒருவர் கையில் விழித்திருக்க வேண்டும். தஞ்சாவூருக்கு முன்னால் யாராவது சிக்கிக்கொண்டால் அவர்களுக்குக் கடைசியாகத் தெரிந்த முகம் நீங்கள்தான், உங்களைத்தான் கூப்பிடுவார்கள். மறுநாள் டீக்கடைக் கணக்கைத் தீர்த்து, லஸ்கரிடம் போய் எல்லோரும் பத்திரமாகப் போய்ச்சேர்ந்தார்கள் என்று சொல்லுங்கள். கம்பளிகளைத் துவைத்து, வெயில் வரும்வரை கயிற்றில் போட்டு வையுங்கள். மடித்துப் பெட்டியில் வைத்தால் பூசணம் பிடித்துவிடும்.